காமெட்டுக்கு ஒரு கட்-அவுட்

வா மாப்ள, ஒக்காரு. திண்ணையில தூசு கெடக்கும், வெள்ளைப் பேண்ட்டுல ஒட்டிக்கும், இந்தத் துண்டை விரிச்சுக்க. ஒன் அம்மா காலையிலேயே போன் பண்ணிடுச்சு. "பையன் வண்டி விஷயமா வரான், கிண்டல் பண்ணாம நல்ல புத்தி சொல்லி அனுப்புண்ணே"ன்னு. இருக்கிறது ஒரே தங்கச்சி. 74 வயசுல அதுகிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா? நீயே சொல்லு, நீ வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒரு கிண்டல் பண்ணியிருக்கேனா?

சரி, மெக்கானிக்கு என்னா சொன்னாரு? வண்டி ஓடுது, ஆனா சார்ஜ் ஏறல. ஆர்மேச்சர் போயிடுச்சு, டைனமாவைக் கடாசிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டணும்னாரா? எவ்வளவு நேரம் பாத்தாரு? அஞ்சு நிமிசமா? டைனமா பின்னாடி ஒரு தகட்டு வளையம் இருக்குமே, அதைக் கழட்டிப் பாத்தாரா? பாக்கலயா! பெரிய மகான் மாப்ள அவரு. சிதம்பரத்துல தீட்சிதருங்ககூடத் திரையை விலக்கித்தான் ரகசியத்தைக் காட்டுறாங்க. இவரு திரையைத் தொடாமலே தரிசனம் பண்ணிட்டாரு. அப்படிப்பட்டவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். பணத்தைக் குடுத்துடு.

பொறு, எழுந்திரிக்காத. அத்தை மோர் கலக்குறா, குடிச்சுட்டுப் போ. குடிக்கிற வரைக்கும் நான் ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன். கேக்கணும்னு இல்ல.

ஒன் தாத்தாவோட லேலண்டு காமெட்டு 1964 மாடல், எண்ணூர்ல செஞ்சது. நான் அதுல கிளீனரா ஏறுனப்ப மீசை முளைக்கல. காமெட்டுன்னா வால்நட்சத்திரமாம், நெய்வேலி இஞ்சினீயர் ஒருத்தர்தான் சொன்னாரு. ஹேலின்னு ஒரு வால்நட்சத்திரம் 1910ல வந்துது, மறுபடி 86ல வந்து தலையைக் காட்டிட்டுப் போச்சு. ஒன் வூட்டு வால்நட்சத்திரம் கொட்டாய்ல ஏறி 20 வருசமாச்சு. அது மேல கோழி முட்டை போட்டு, அந்தக் கோழியோட பேத்தியும் முட்டை போட்டுடுச்சு. இப்பதான் ஒனக்குக் கல்யாணம்னதும் அதும் மேல பாசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே ஜோடியாப் போட்டோ எடுக்கணும், வீராணம் ஏரிக்கரையில காமெட்டு மேல நீயும் பொண்ணும் நிக்கணும், அப்படித்தானே? எங்க காலத்துல தாலி கட்டுற வரைக்கும் பொண்ணு மொகத்தையே பாக்கல. பாத்திருந்தா நானும் போட்டோ எடுத்துக்கிட்டு அதோட நிறுத்தியிருப்பேன். மெதுவாப் பேசு, ஒன் அத்தைக்குக் காது நல்லாக் கேக்குது.

அப்புறம் வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ணப் போறியாமே. அதையும் விசாரிச்சேன். 2021ல மத்திய சர்க்காரு ஒரு விதி போட்டிருக்கு. 50 வயசு தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இஞ்சின் எல்லாம் பொறந்த மேனிக்கு இருக்கணும், புதுசாப் பதிய 20,000 ரூபா கட்டணும், நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும், வாடகைக்கும் அன்னாட ஓட்டத்துக்கும் எடுக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனா மாப்ள, அதுல ரெண்டு சக்கரம், நாலு சக்கரம்னுதான் எழுதியிருக்கு. காமெட்டுக்குப் பின்னாடி ரெட்டை டயரு. ஆறைக் காட்டி நாலுன்னு ஆர்.டி.ஓ.வை நம்ப வைக்கிறது ஒன் சாமர்த்தியம். அப்படியே நம்பர் வாங்கிட்டேன்னு வை, நம்மூர்ல வி.ஏ.ன்னு பாத்தா என்னா நெனைப்பாங்க தெரியுமா? வி.ஏ.ஓ.வோட வண்டி, ஓ மட்டும் உதுந்து போச்சுன்னு. பட்டா மாத்தணும்னு பின்னாடியே நாலு பேரு மனுவோட வருவாங்க.

இப்ப வேலைக்கு வா. டைனமாவைச் சரி பண்றதா, ஆல்டர்னேட்டர் போடுறதான்னு என்னைக் கேக்குறே. ஒன்னையே கேட்டுக்க. வண்டியில என்னென்னா மாட்டப் போறே? சுத்தி சீரியல் லைட்டு. ஏழு கட்டை ஹாரன். டி.ஜே. செட்டு. அப்புறம் செல்போனுக்கு சார்ஜர் நாலு. அந்தக் காலத்துக் காருங்கள்ல லூகாஸ் சி40ன்னு ஒரு டைனமா வரும். அது முக்கி முக்கிக் குடுத்தா 22 ஆம்பியர். 12 வோல்ட்டால பெருக்கிப் பாரு, 300 வாட்டைத் தொடாது. ஒன் அம்மா சட்னி அரைக்கிற மிக்ஸியே 750 வாட்டு. லாரிக்கு அதைவிடத் தடிச்ச டைனமாதான், ஆனாலும் அதும் தலையில நீ ஒரு கல்யாண மண்டபத்தை ஏத்துனா அது தாங்குமா? வண்டி வேணும்னா டைனமா போதும். பந்தல்தான் வேணும்னா ஆல்டர்னேட்டர் போடு. இல்லாட்டி நம்ம சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டுல ஜெனரேட்டர் செட்டு வாடகைக்குக் கெடைக்கும், ஒரு கயிறு கட்டி வண்டிக்குப் பின்னாடி இழுத்துக்க.

ஆல்டர்னேட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். நல்லது நல்லதுதான். டைனமாவுல ஆகுற கரண்ட்டு மொத்தமும் கார்பன் வழியாத்தான் வெளிய வரணும். ஆல்டர்னேட்டர்ல கார்பன் வழியாப் போறது காந்தத்துக்கு வேண்டிய கொஞ்சூண்டு கரண்ட்டுதான். அதனால கார்பன் தேயுறது கம்மி, வேகமாவும் சுத்தலாம். உள்ள ஆகுறது மாறு மின்சாரம், டையோடு வச்சு அதை ஒரே திசைக்குத் திருப்பி விட்டுடுறான். அமெரிக்காவுல 1960ல கிறைஸ்லர்காரன் வேலியன்ட்டு கார்ல அதை மாட்டுனான், அப்புறம் ஒவ்வொருத்தனா அதுக்கு மாறிட்டான். பெரிய சொகம் என்னான்னா, வண்டி நின்னுக்கிட்டு இஞ்சின் மெதுவா ஓடுறப்பகூட சார்ஜ் ஏறும்.

டைனமாவுக்கு அந்தக் குணம் கெடையாது. ஆலை வாசல்ல ராத்திரி கரும்பு வண்டி வரிசையில நிப்போம். இஞ்சின் மெதுவா ஓடும், ஆம்ப் மீட்டரு முள்ளு மைனஸ் பக்கம் சாஞ்சுடும், ஹெட்லைட்டு மின்மினிப் பூச்சியாட்டம் ஆயிடும். ஒன் தாத்தா ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிப்பாரு, லைட்டு கண்ணைத் தொறந்து பாத்துட்டு மறுபடி தூங்கிடும். பேட்டரி சுத்தமாப் படுத்துட்டாலும் நாங்க கவலைப்பட்டதில்ல. டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம், ஒருக்கா பத்திக்கிச்சுன்னா கரண்ட்டே இல்லாம ஓடும். செல்ஃப் எடுக்கவும் லைட்டுக்கும் ஹாரனுக்கும்தான் கரண்ட்டு. அதனால வண்டியை மேட்டுல நிறுத்திட்டு, காலையில உருட்டி விட்டு கியர்ல போட்டாப் போதும். இந்தச் சீமையில மேட்டுக்கு எங்க போறது? தேங்காயை வச்சா வச்ச எடத்துலயே கெடக்கும். இருக்கிற ஒரே மேடு ஏரிக்கரை. சோழராசா தண்ணிக்குன்னு கட்டுனாரு, நாங்க காமெட்டு உருட்டப் பயன்படுத்திக்கிட்டோம்.

ஆனா ஆல்டர்னேட்டர் போடணும்னா அது தனியா வராது, சீர்வரிசை கேக்கும். மொதல்ல வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு பாரு. அப்புறம் பேட்டரியோட எந்தக் கம்பி பாடியில போவுதுன்னு பாரு. வெள்ளைக்காரன் காலத்து வழக்கத்துல பிளஸ் கம்பியைப் பாடியில கட்டுன வண்டிங்க உண்டு. அது தெரியாம மாட்டுனா டையோடு எல்லாம் ஒரே நொடியில சிவலோகம் போயிடும். பழைய ஒயரு ஒல்லி, அதிக ஆம்பியரு ஓடுனா சூடேறி உருகும். பழைய ஆம்ப் மீட்டரும் தாங்காது. மாட்டுனதுக்கப்புறம் இஞ்சின் ஓடுறப்ப பேட்டரி கம்பியைக் கழட்டக் கூடாது. பாடியில வெல்டிங் வச்சா, அதுக்கு முன்னாடி கழட்டியே ஆவணும். ஆக, கழட்டக் கூடாதப்போ கழட்டாம, கழட்ட வேண்டியப்போ மறக்காம இருக்கணும். நீ செல்போனை எங்க வச்சோம்னு செல்போன்லயே கூப்பிட்டுத் தேடுற ஆளு. பாத்துக்க.

சீமையில இன்னொண்ணு விக்கிறான். வெளிய பாத்தா டைனமா, உள்ள ஆல்டர்னேட்டர். அசலு மாதிரியே இருக்கும். நாமளும் செய்யுறோமே, தலைக்கு மை பூசிக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போறதில்லையா, அந்தக் கதைதான்.

என்னாது? பழசு எப்பவா இருந்தாலும் மாத்தித்தானே ஆவணும்கிறியா? ரொம்ப சரி. நெய்வேலியில முதல் அனல் மின் நிலையத்தை ரஷ்யாக்காரன் உதவியோட கட்டி 1962ல ஓட விட்டாங்க. வளந்து 600 மெகாவாட்டு ஆச்சு. 2020 செப்டம்பர்ல நிறுத்திட்டாங்க. 58 வருசத்துல அதுக்கே ஓய்வு. நான் அதுக்கு மேலயும் 16 வருசம் ஓடிட்டேன், ஒங்களை எப்ப நிறுத்துவாங்கன்னு ஒன் அத்தை தினம் கேக்குறா. ஆனா ஒண்ணு மாப்ள, அங்க நிறுத்துறதுக்கு முன்னாடி தொறந்து பாத்திருப்பாங்க.

டைனமாவைப் பத்தி ஒரு விஷயம் சொல்றேன், இது ஒன் மெக்கானிக்குக்கு வேண்டாம், ஒனக்கு. எங்க காலத்துல ராத்திரி அடுப்பை அணைக்க மாட்டோம். கங்கைச் சாம்பல்ல மூடி வச்சுடுவோம். காலையில கிளறி, ரெண்டு வரட்டி வச்சு ஊதுனா பத்திக்கும். டைனமாவுக்குள்ள இருக்கிற இரும்புலயும் அந்த மாதிரி ஒரு கங்கு இருக்கு. நேத்து ஓடுனப்ப காந்தமா இருந்துதே, அந்தப் பழைய நெனைப்பு கொஞ்சூண்டு இரும்புல ஒட்டியிருக்கும். அதுக்கு நடுவுல ஆர்மேச்சர் சுத்துனா பொட்டளவு கரண்ட்டு பொறக்கும். அது பீல்டு காயிலுக்குப் போயி காந்தத்தைக் கொஞ்சம் ஏத்தும். காந்தம் ஏறுனா கரண்ட்டு ஏறும். கந்துவட்டி குட்டி போடுற மாதிரி ஏறிக்கிட்டே போவும். வெளிய இருந்து காந்தம் வாங்க வேண்டாம், தன் நெனைப்புலயே தான் பத்திக்கும்.

வெர்னர் சீமென்ஸ்னு ஒரு ஜெர்மன்காரரு இதைக் கண்டு புடிச்சு, 1867 ஜனவரியில பெர்லின் அறிவியல் சபைக்குச் சொன்னாரு. அதே 1867, மே மாசம், இங்க இருந்து கூப்பிடு தூரத்துல, வடலூர்ல வள்ளலார் தருமச்சாலை அடுப்பைப் பத்த வச்சாரு. இன்னும் அணையல. அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது. ஒரே வருசத்துல ரெண்டு பேரும் அணையாத அடுப்புக்கு வழி பண்ணிட்டாங்க. நீ 20 வருசம் வண்டியைச் சும்மாப் போட்டுட்டு கங்கு அணைஞ்சு போச்சேங்கிறே.

அப்படியே அணைஞ்சிருந்தாலும் என்னா? பக்கத்து வூட்டுல வரட்டியில ஒரு கங்கு வாங்கியாந்து பத்த வைக்க மாட்டோமா? டைனமாவுக்குப் பக்கத்து வூடு பேட்டரி. நம்ம வண்டியில இருக்கிற லூகாஸ் ஜாதி டைனமாவுல ரெண்டு ஆணி இருக்கும். பெருசு டி, சின்னது எஃப். ரெகுலேட்டருக்குப் போற ஒயரைக் கழட்டிட்டு, பேட்டரியில பாடிக்குப் போகாத பக்கத்துலேருந்து ஒரு ஒயரு எடுத்து எஃப்புல ஒரு நொடி தொட்டு எடு. சின்னப் பொறி வரும். அவ்வளவுதான், கங்கு ஏறிடுச்சு. தொட்டு எடுன்னா தொட்டு எடுக்கணும், புடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. அப்புறம், பேட்டரி சார்ஜ் ஏறுறப்ப ஒரு வாயு வரும், தீப்பத்தும். அதும் மேல குனிஞ்சுக்கிட்டு பீடி பத்த வைக்காத. சிகரெட்டா? அந்த வாயுவுக்கு வித்தியாசம் தெரியாது மாப்ள.

இப்ப சோதிக்கிற மொறையைக் கேட்டுக்க. மொதல்ல பெல்ட்டு. ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டை வெரலால அமுக்குனா அரை அங்குலம் போல உள்ள போவணும். அதுக்கு மேல தொங்குனா இழுத்துக் கட்டு. காசில்லாத வேலை, அதனாலதான் யாரும் செய்யுறதில்ல. அப்புறம் டி, எஃப் ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு, ரெண்டு ஆணியையும் ஒரு செப்புக் கம்பியால சேத்துக் கட்டு. வோல்ட் மீட்டரோட ஒரு காலை அதுல வை, இன்னொரு காலை பாடியில வை. இஞ்சினை மெதுவா ஏத்து. முள்ளு குதிக்காம கிடுகிடுன்னு ஏறணும். 12 வோல்ட்டு வண்டியா இருந்தா 20ஐத் தாண்ட விடாத. ஏறிடுச்சுன்னா டைனமா மேல பழியே இல்ல, கோளாறு ரெகுலேட்டர் பக்கம். ஒரு வோல்ட்டோட நின்னுடுச்சுன்னா பீல்டு காயில் மேல சந்தேகப்படு. அஞ்சு வோல்ட்டு போல வந்து நின்னா ஆர்மேச்சர். காயில் கட்டுற பட்டறை இன்னும் இருக்கு, கட்டிக் குடுப்பாங்க. சாமான் வேணும்னா மெட்ராஸ் புதுப்பேட்டையில தேடு. அங்க லாரியைப் பிரிச்சுப் போட்டு விக்கிறாங்க. உள்ள போறப்ப மணிபர்ஸை முன் பாக்கெட்டுல வச்சுக்க. யாரும் திருட மாட்டாங்க, நீயே ஆசைப்பட்டுக் குடுத்துட்டு வந்துடுவே.

முள்ளு அசையவே இல்லைன்னா? அதுக்கு கார்பனைப் பாக்கணும். கார்பன் கதையைக் கடைசியில சொல்றேன், அவசரப்படாத.

கார்பன் உரசுற செப்பு உருளைக்குக் கமுட்டேட்டருன்னு பேரு. அது கருத்திருந்தா நைஸ் உப்புத்தாளால தேய். எமரி தாள் வேண்டாம், அதோட பொடி செப்பு இடுக்குல உக்காந்துக்கிட்டுக் கரண்ட்டைக் குறுக்க கடத்தும். பள்ளம் விழுந்திருந்தா லேத்துல ஒரு கடைசல் போட்டு, செப்புக்கு நடுவுல இருக்கிற மைக்காவை ஹேக்சா பிளேடால கொஞ்சம் ஆழமாக் கீறி விடு. மைக்கா தலை தூக்குனா கார்பன் குதிச்சு குதிச்சு ஓடும். பின்பக்கத்து புஷ்ஷுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. ரெண்டுதான். ஒன் தாத்தா குடுத்த எண்ணெய்க் கிண்ணத்தை நான் ஒருக்கா மொத்தமா ஊத்திட்டு, விருத்தாசலம் வரைக்கும் லைட்டு இல்லாம வந்தோம். வழி நெடுக அவரு பேசுன பேச்சை ஒன் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லக் கூடாது.

அப்புறம் கட்-அவுட்டு. பேட்டரிக்கும் டைனமாவுக்கும் நடுவுல இருக்கிற கதவு அது. டைனமாவுல வோல்ட்டு ஏறுனா மூடிக்கிட்டு கரண்ட்டைப் பேட்டரிக்கு விடும். வோல்ட்டு எறங்குனா தொறந்துக்கும். அது இல்லைன்னா வண்டி நின்னதும் பேட்டரி கரண்ட்டெல்லாம் டைனமாவுக்குள்ள திரும்பிப் பாயும். அதோட முனையில கரி புடிச்சிருந்தா சுத்தம் பண்ணிப் பாரு, சரி வரலன்னா புதுசு வாங்கு. வாங்குறப்ப கடையைப் பாத்துப் போ. போன வாரம் ஒன் சிநேகிதனை அனுப்புனியே, அவன் நேரா பேனர் அடிக்கிற கடைக்குப் போயி "காமெட்டுக்கு ஒரு கட்-அவுட்டு வேணும்"னானாம். "எத்தனை அடி ஒசரம், பக்கத்துல எந்த நடிகரு நிக்கணும்"னு கேட்டிருக்கான் கடைக்காரன். இவனும் "நல்லதா ஒண்ணு குடுங்க"ன்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டான். எனக்கு எப்படித் தெரியும்கிறியா? ஊரே சிரிக்குது மாப்ள. ஒன் கல்யாணத்துக்கு 20 அடி ஒசரத்துல காமெட்டு நிக்கப் போவுது. நல்லதுதான், அதுக்கு டைனமா வேண்டாம்.

மோரைக் குடி. நுரை மீசையில ஒட்டியிருக்கு, தொடச்சுக்க.

இப்ப கார்பன். டைனமாவோட பல்லு மாதிரி, ரெண்டு இருக்கும். ஸ்பிரிங்கு அதுங்களைக் கமுட்டேட்டரு மேல அமுக்கிப் புடிச்சுக்கும். ரொம்பத் தேயாம இருக்கணும், சிக்காம ஏறி எறங்கணும். பல்லே இல்லைன்னா? ஆர்மேச்சர் என்னாதான் அரைச்சாலும் ஒண்ணும் வெளிய வராது. வோல்ட் மீட்டரு முள்ளு அசையாது. நீ இப்ப போயி அந்தத் தகட்டு வளையத்தைக் கழட்டிப் பாரு. உள்ள சிதம்பர ரகசியம்தான். வெறும் எடம்.

முறைக்காத. இந்த வெத்தலைப் பொட்டியைத் தொற. பாக்குக்குக் கீழ, பொகையிலைத் தாள்ல சுத்தி வச்சிருக்கு. எடு, ரெண்டு இருக்கா? பாதிகூடத் தேயல, இன்னும் பத்து வருசம் ஓடும். நான்தான் கழட்டுனேன். வண்டியைப் பாக்கணும்னு நீ ஊருக்கு நாலு தடவை வந்தே. நாலு தடவையும் இந்தத் தெருவழியாத்தான் போனே. மாமான்னு ஒரு ஆளு இருக்கான்னு ஒனக்கு நெனைப்பு வரல. என்னா பண்றது, இரும்புக்குக்கூட கங்கு ஏத்தத் தெரிஞ்சவன், மருமவனுக்கு ஏத்தத் தெரியாதா?

காசு ஒண்ணும் வேண்டாம். அந்தக் கார்பன் ரெண்டையும் நானே வந்து போடுறேன். நாளு மட்டும் சொல்லு. ஒன் தாத்தா 18 வருசம் என்னைக் கிளீனர் சீட்டுல ஒக்கார வச்சாரே தவிர, ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தரல. போட்டோ எடுக்குற அன்னைக்கு ஏரிக்கரையிலேருந்து குறுக்குரோடு வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். நீ எடப்பக்கம் கிளீனர் சீட்டுல ஒக்காரு. பொண்ணு நடுவுல ஒக்காரட்டும்.

லைசென்ஸா? அது 50 வயசுக்கு மேல ஆன விண்டேஜ் மாப்ள. பொறந்த மேனிக்கு வச்சிருக்கேன், புதுப்பிக்கவே இல்ல.